ஐறீன் எழும்பாமல் கிடந்த நாள்

ஐறீனுக்கு ஓரிடத்தில் இருந்து பழக்கமில்லை. கோயில் படியைக்கூட இரண்டிரண்டாய்த்தான் ஏறுவாள் என்று கொழும்பு கொட்டாஞ்சேனையில் சொல்வார்கள். அந்த ஓட்டத்தால்தான் இரண்டு பிள்ளைகளும் ஐந்தாம் மாதத்திலேயே தங்காமல் போயின என்பது மாமியார் யோசெப்பினின் தீர்ப்பு. ஐறீனும் அதை நம்பியிருந்தாள்.

மூன்றாம் முறை, குறைமாதத்தில் பிள்ளை பிறக்கும் ஆபத்துள்ளவர்களுக்கென்று புதன்கிழமைகளில் நடக்கும் கிளினிக்குக்குப் போனபோதுதான் டொக்டர் அந்தப் பழியை இறக்கி வைத்தார்.

"நீங்க ஓடித் திரிஞ்சதால இல்ல. கருப்பையின்ர வாய்க்குப் பலம் காணாது. பாரம் ஏற ஏறத் திறக்கப் பாக்குது. ஒரு தையல் போட்டு இறுக்குவம்."

நாலாம் மாதம் தையல் போட்டார்கள்.

1996 தை மாதத்துக் கடைசிப் புதன். ஆறாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. ஐறீனை ஸ்கான் பண்ணிய டொக்டர், "தையல் நல்லா நிக்குது" என்று சொல்லி வாய் மூடவில்லை, ஜன்னல் கண்ணாடிகள் கிடுகிடுத்தன. வராந்தாவில் யாரோ கத்தினார்கள். கொழும்பின் கோட்டைப் பகுதியில் குண்டு.

ஐறீனின் புருஷன் பேர்னாட் கோட்டையில் ஒரு கப்பல் கம்பனியில் கிளார்க். அவன் மேசை ஜன்னலோரம்.

ஐறீன் காலைக் கீழே தொங்கப்போட்டாள். அந்தக் கணமே வயிறு கல்லாய் இறுகியது.

"நங்கி, நெகிட்டின்ன எபா!" எழும்பாதே என்று சிங்கள நேர்ஸ் மிஸ்ஸி தோளைப் பிடித்து அழுத்தினாள்.

"டொக்டர், என்ர மனுசன் அங்கதான்."

"விளங்குது. ஆனா இப்ப எழும்பி நடந்தா தையல் தாங்காது."

வார்டுக்குத் தள்ளிக்கொண்டு போய் மருந்தேற்றினார்கள். ஐறீன் கூரையைப் பார்த்தபடி கிடந்தாள். வெளியே அம்புலன்ஸ்கள் ஓயாமல் அலறின. டெலிபோன் லைன் கிடைக்கவில்லை. பக்கத்துக் கட்டிலில் வெள்ளவத்தை ஜெகதீஸ்வரி, அவளும் தையல் போட்டவள், மெல்லக் கேட்டாள்.

"அக்கா, எங்கட அவர் வெளியிலதான் நிக்கிறார். போய்ப் பாத்திட்டு வரச் சொல்லட்டோ?"

சொல் என்று வாய்வரை வந்துவிட்டது. ஆனால் ஜெகதீஸ்வரியின் புருஷன் நாகேந்திரத்திடம் இருந்தது யாழ்ப்பாண அடையாள அட்டை. இன்றைக்கு அதோடு கோட்டைப் பக்கம் போனால் ஆமி சந்தேகத்தில் பிடித்துவிடும், திரும்பி வருவானா?

"வேண்டாம், தங்கச்சி. அவர் இங்கயே நிக்கட்டும்."

சொல்லிவிட்டு முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டாள். அழக்கூடப் பயமாயிருந்தது, விம்மினால் வயிறு குலுங்கும். இறுகும்போதெல்லாம் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, "நீயாவது இரு, நீயாவது இரு" என்று உள்ளே கிடந்ததிடம் கெஞ்சினாள்.

பொழுது சாயும்போது இறுக்கம் தணிந்தது. செய்தி மறுநாள் காலையில்தான் வந்தது, யோசெப்பின் கொண்டுவந்தாள். பேர்னாட் உயிரோடிருந்தான். கண்ணாடிச் சிதறல் பட்டு இடது கண் போய்விட்டது.

"நான் அவரைப் பாக்கவேணும், மாமி."

யோசெப்பின் அவள் காலைத் தடவிக்கொடுத்தாள். "அவன் சொல்லிவிட்டவன், உன்னை எழும்ப விடவேண்டாமாம். படு, பிள்ளை."

ஐறீன் வார்டிலேயே கிடந்தாள். சித்திரையில் தையலை வெட்டினார்கள். பெண் பிள்ளை பிறந்தது. கொஞ்சம் சிறிசு, ஆனால் பால் குடித்தது.

பேர்னாட் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தான். கட்டிலின் எந்தப் பக்கம் நிற்பதென்று தெரியாமல் தடுமாறினான்.

"இந்தப் பக்கம் வாங்கோ" என்றாள் ஐறீன்.

அவன் சுற்றி வந்து குனிந்தான். "பிள்ளையின்ர முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பிடி. வடிவாத் தெரியேல்ல."