மோளே என்று கூப்பிட்டதும் திரும்பினாள்

2012-ஆம் வருஷம் நடந்தது இது. அப்போது நான் கடியப்பட்டணத்தில் மாமியார் வீட்டில் ஏழு மாதக் கைக்குழந்தையோடு இருந்தேன். வீட்டுக்காரருக்கு வளைகுடாவில் மீன்பிடிப் படகில் வேலை. நான் நாலு மாதக் கர்ப்பமாக இருக்கும்போது போனவர், மகளை வீடியோ காலில்தான் பார்த்திருந்தார்.

பார்த்தார் என்று சொல்வதே கொஞ்சம் அதிகம். லேப்டாப்பில் டேட்டா கார்டைச் செருகிக்கொண்டு சிக்னல் தேடி மொட்டைமாடிக்கு ஏறுவேன். படம் வந்தால் குரல் வராது. குரல் வந்தால் பிள்ளையின் நெற்றி மட்டும் அசையாமல் நிற்கும். அவர் 'மோளே' என்று மகளைக் கூப்பிடுவது இங்கே கேட்டு, இவள் திரும்புவது அவருக்குத் தெரிவதற்குள் கால் நிமிஷம் ஓடிவிடும்.

ஒரு நாள் அவர் குரலே ஒரு மாதிரி இருந்தது. "ஏட்டி, உள்ளதைச் சொல்லு. பிள்ளைக்குக் காது கேக்குமா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நல்லா கேக்கும். நெட்டுதான் இழுக்குது."

அவர் சிரிக்கவில்லை. "எத்தனை தடவ மோளேன்னு கூப்பிட்டேன்! அவ அனங்கவே இல்லியே, திரும்பிக்கூட பாக்கலியே."

டாக்டரிடமும் காட்டினேன். காது நன்றாக இருக்கிறது என்று டாக்டர் சொன்னதையும் இவரிடம் சொன்னேன். நான் தேற்றுவதற்காகப் பொய் சொல்வதாகவே இவர் நினைத்தார். வலை இழுக்கும்போதும் இதே யோசனையாக நிற்கிறார் என்று கூட வேலை செய்பவர் போனில் சொன்னபோது பயந்துபோனேன். கவனம் பிசகினால் கையோ காலோ போய்விடும் வேலை அது.

நாகர்கோவிலில் ஒரு பொது நூலகத்தில் புதிதாக பிராட்பேண்ட் போட்டிருக்கிறார்கள், படம் தண்ணீர் மாதிரி ஓடுகிறது என்று நாத்தனார் சொன்னாள். அவர் கரைக்கு வரும் நாளைக் கேட்டு வைத்துக்கொண்டு, அன்று காலை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

நூலகர் ஒரு அம்மா. கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். "இது படிக்கிறவங்களுக்கு உள்ள கம்ப்யூட்டர்மா" என்றார். நான் மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். கேட்டுவிட்டு ஹெட்போனை எடுத்து நீட்டினார்.

"இதை மாட்டினா பிள்ளைக்குக் கேக்காதே மேடம். ஸ்பீக்கர்லதான் கூப்பிடணும்."

அவர் சுவரைப் பார்த்தார். 'அமைதி காக்கவும்' என்று சிவப்பு எழுத்தில் பெரிதாக இருந்தது. ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு எழுந்து நின்று, "எல்லாரும் மன்னிச்சுக்கிடணும். இந்தப் பிள்ளைக்க அப்பா வெளிநாட்டுல இருந்து கூப்பிடப் போறாரு. அஞ்சு நிமிஷம் சத்தமா இருக்கும்" என்றார்.

"இது என்ன சந்தையா?" என்று பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஒருவர் முணுமுணுத்தார்.

லைன் கிடைத்தது. உப்புக்காற்றில் வெடித்திருந்த அவர் உதடுகூட தெளிவாகத் தெரிந்தது. ஸ்கிரீனுக்குக் கிட்ட வந்து, "மோளே!" என்றார்.

இவள் திரும்பவில்லை. நூலகரின் கண்ணாடிச் சங்கிலியிலேயே மயங்கிக் கிடந்தாள். மறுபடியும் கூப்பிட்டார். ம்ஹூம். அவர் முகம் சுருங்கியது. இதற்கா இவ்வளவு தூரம் வந்தேன்?

அப்போது பிள்ளைக்குப் பின்னால் 'கலகல'வென்று ஒரு சத்தம். டக்கென்று திரும்பினாள். சந்தையா என்று கேட்ட அதே மனுஷர்தான், பேப்பரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டிருந்தார். "இப்பக் கூப்பிடுங்க!" என்று ஸ்கிரீனைப் பார்த்துக் கத்தினார்.

"மோளே!"

சொல்லி வாய் மூடவில்லை, இவள் ஸ்கிரீன் பக்கம் திரும்பி, இருக்கிற ரெண்டு பல்லையும் காட்டிச் சிரித்தாள். அவர் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். நூலகமே சிரித்தது.

பிறகு கையை எடுத்துவிட்டு, மூக்கை உறிஞ்சியபடி அவர், "அந்த அண்ணாச்சிய சாவிய இன்னொருக்கா ஆட்டச் சொல்லு" என்றார். அண்ணாச்சி சந்தோஷமாக மூன்று தடவை ஆட்டினார். மூன்று தடவையும் திரும்பினாள். அஞ்சு நிமிஷம் அரைமணி நேரமானதை யாரும் கேட்கவில்லை. கிளம்பும்போது நூலகர், "அடுத்த தடவ அவரு கரைக்கு வரும்போதும் வாங்க. காலையில கூட்டம் இருக்காது" என்றார்.

அன்று சாயங்காலம் கடலுக்குத் திரும்பியவர், படகில் பாட்டுப் பாடிக்கொண்டே வேலை செய்தார் என்று கூட வேலை செய்பவர் போனில் சொன்னார்.

இப்போதும் யாராவது எனக்குப் பதில் சொல்லத் தாமதித்தால் கோபப்பட வாயெடுப்பேன். உடனே அந்த மொட்டைமாடி நெட்டு ஞாபகம் வரும்; பதில் வழியில் வந்துகொண்டிருக்கும் என்று நினைத்து இன்னும் கொஞ்ச நேரம் பொறுத்திருப்பேன்.