பச்சைவாழியம்மனிடம் அம்மா பேசியது

வில்லியனூர் சந்தையில் இன்று ஈர வேப்பிலைக் கட்டைக் கையில் எடுத்ததும், பாகூர்ப் பக்கம் எங்கள் ஊர் ஏரிக்கரையில் இருந்த பச்சைவாழியம்மன் கோயிலின் வாசம் அப்படியே வந்தது. அப்பா எங்களை விட்டுப் போன பிறகு, வெள்ளிக்கிழமைதோறும் அம்மா என்னை அங்கே கூட்டிப்போவாள். வீட்டில் வாயே திறக்காதவள், எண்ணெய்ப் பிசுக்கேறிய அந்தக் கல்லின் முன்னால் உட்கார்ந்து, ஏரிக்காற்று சேலையை அடித்துக்கொண்டிருக்க, மெல்லிய குரலில் பேசிக்கொண்டே இருப்பாள். நான் கிட்டே போனால் நிறுத்திவிடுவாள்.

"எங்கிட்ட சொல்லும்மா," என்றேன் ஒருநாள்.

"உனுக்கு இன்னாடி புரியும்? போய் தண்ணியப் பாரு."

முக்குளிப்பான் பறவைகள் முங்கி எழுவதைப் பார்த்தபடி, நான் அம்மனாகப் பிறந்திருக்கலாமே என்று நினைத்துக்கொள்வேன்.

பல வருடம் கழித்து ஏரிக்கரையை அகலப்படுத்தியபோது கோயிலை இடித்துவிட்டு, ஊருக்குள் டைல்ஸ் பதித்துப் புதிதாகக் கட்டி, புதுச்சிலை வைத்தார்கள். கும்பாபிஷேகத்துக்கு அம்மாவைக் கூட்டிப்போனேன். கும்பிட்டவள் உடனே வெளியே வந்துவிட்டாள்.

"இன்னாம்மா, பேசலயா?"

"இவ யாரோ மாதிரி கீறா."

அதன்பின் பத்து வருடம் என்னோடுதான் இருந்தாள். சாயங்காலங்களில் வேலையிலிருந்து சீக்கிரமே வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். "சாப்ட்டியா?" என்பாள். அதற்கு மேல் ஒன்றும் சொல்லாமலே போய்ச் சேர்ந்தாள்.