பதினேழாம் எண் குழாயுடன் ஹெப்பகோடி வரை

போன செவ்வாய்க்கிழமை காக்ஸ் டவுனிலிருந்து ஹெப்பகோடியில் உள்ள ஆய்வகத்துக்கு ரத்தம் கொண்டுபோனேன். இருபத்தேழு கிலோமீட்டர். இதே வேலையாக இதே வழியில் போகிறவர்கள் சிலராவது இருப்பீர்கள் என்றுதான் எழுதுகிறேன்.

காலை 10.40க்கு டாக்ஸி. 840 ரூபாய். பக்கத்து இருக்கையில் தெர்மாகோல் பெட்டி. நான்கு கிலோ ட்ரை ஐஸ், அதாவது உறைந்த கரியமில வாயு; நடுவில் ஆறு குழாய்கள். ரத்தத்திலிருந்து பிரித்து உறையவைத்த நோய் எதிர்ப்பு செல்கள். அங்கே உருக்கி, ஒவ்வொரு செல்லிலும் எந்த மரபணுக்கள் வேலை செய்கின்றன என்று தனித்தனியாகப் படிப்பார்கள். செல் உயிரோடு இருந்தால்.

என் கவலை பதினேழாம் எண் நோயாளியின் குழாய். சிகிச்சைக்கு முன் எடுத்தது, ஒரே குழாய். பட்டியலில் அந்த எண்ணுக்கு எதிரே ‘இறப்பு’ என்றிருந்தது. இன்னொரு முறை எடுக்க ஆளில்லை.

“என்ன மேடம், மீன் பார்சலா?” என்றார் டிரைவர்.

“ரத்தம்ணா.”

“அய்யய்யோ. யாரோடது?”

“பேரு தெரியாது. நம்பர்தான் குடுப்பாங்க.”

“ஆளு நல்லாருக்காரா?”

நான் பெட்டியைக் கொஞ்சம் என் பக்கம் இழுத்து வைத்தேன்.

ஏறும்போதே ஜன்னல்களைத் திறந்து வைக்கச் சொல்லியிருந்தேன். சில்க் போர்டு சந்திப்பின் நெரிசலில் தூசி தாங்காமல் அவர் மூடிவிட்டு ஏசி போட்டார். மூன்று நாள் தூக்கமில்லை எனக்கு. கவனிக்கவில்லை. தலைவலியை வழக்கமான தலைவலி என்றே நினைத்தேன்.

“மேடம், கொட்டாவியா வருது. தல சுத்துது.”

“கண்ணாடிய எறக்குங்கண்ணா! ஓரமா நிறுத்துங்க!”

பொம்மனஹள்ளியில் நான்கு கதவையும் திறந்துபோட்டுப் பதினைந்து நிமிடம் நின்றோம். ட்ரை ஐஸிலிருந்து வரும் வாயு மூடிய வண்டியில் மூச்சை அடைக்கும் என்று அப்போதுதான் சொன்னேன்.

“தூசிக்கு மூடினேன், ஐஸுக்கும் ஏசி நல்லதுன்னு போட்டேன். மொதல்லயே சொல்றதில்லையா? என் ரத்தத்தையும் பெட்டில போட்டுருப்பீங்க.”

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தப்பு என்னுடையது.

12.50க்கு ஆய்வகம். வெதுவெதுப்பான நீர்த் தொட்டியில் உருக்கி, சாயம் சேர்த்து, நுண்ணோக்கியில் எண்ணினோம். செத்த செல் நீலமாகும். பதினேழில், நூற்றுக்கு எண்பத்தொன்று நீலமாகவில்லை. போதும்.

போகிறவர்களுக்கு: பெட்டியின் மூடியை டேப் சுற்றி இறுக அடைக்காதீர்கள், வெடிக்கும். காலை ஒன்பதுக்குள் சில்க் போர்டைத் தாண்டுங்கள். ஜன்னல் ஏன் திறந்திருக்க வேண்டும் என்று டிரைவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

திரும்பி வரும்போதும் அதே வண்டி. பெட்டி காலி. ஆனாலும் நான்கு ஜன்னலும் இறங்கியிருந்தன.

“என்ன மேடம், நல்லாருக்காரா உங்காளு?”

“ஆளு இல்லணா. எறந்துட்டாங்க. அவங்க செல்லு மட்டும் உயிரோட இருக்கு.”



“அதெப்படி மேடம்?”

சொல்லத் தொடங்கினேன். சில்க் போர்டில் வண்டிகள் நின்றிருந்தன. நேரம் இருந்தது.