ஞாயிற்றுக்கிழமை மழை

என் மேசை மேல் ஒரு கண்ணாடிக் குவளை இருக்கிறது. ஒல்லியாக, உயரமாக, உடம்பெல்லாம் அளவுக் கோடுகள் பொறித்தது. விளிம்பில் சின்னதாக ஓர் உடைசல். மழைமானிக்குள் இருக்கும் போத்தலில் சேர்ந்த தண்ணீரை இதில் ஊற்றினால் எத்தனை அங்குலம் மழை என்று சொல்லிவிடலாம். வீட்டுக்கு வருகிறவர்கள் இதில் பூ வைக்கலாமே என்கிறார்கள். ஒருமுறை மருமகள் பேனாக்களைச் செருகி வைத்துவிட்டாள். நான் போட்ட சத்தத்தில் இரண்டு நாள் என் முகத்தைப் பார்க்கவில்லை. கிழவனுக்குக் கிறுக்கு என்று நினைத்திருப்பாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் மழை பிடித்துக்கொண்டால் நான் நாற்காலியில் உட்காராமல் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடப்பேன் என்பது அவளுக்குத் தெரியும். காரணம் தெரியாது. காரணம் என் அத்தான்.

அத்தான் என் அக்காவின் கணவர். மலாயாவின் ஜார்ஜ் டவுனில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். முப்பதுகளின் தொடக்கத்தில் சுங்கை பினாங் பக்கம் ஓர் அத்தாப்பு ஓலைக் கூரை வீட்டில் அவரும் அக்காவும் குடியிருந்தார்கள். எனக்குக் கல்யாணம் ஆகும்வரை நானும் அங்கேதான் சோறு தின்றேன். பட்டம் தருகிற பல்கலைக்கழகம் அப்போது மலாயாவில் கிடையாது. அத்தான் லண்டனில் ஒரு பல்கலைக்கழகத்தில் வெளிமாணவராகப் பதிந்து, தபாலிலேயே படித்து முதல் பட்டத்தை வாங்கியிருந்தார். அதோடு அடங்குகிற ஆளா அவர்? கணிதத்தில், அதிலும் புள்ளியியலில், மேல்பட்டம் வேண்டும் என்று அடுத்த விண்ணப்பத்தையும் அனுப்பிவிட்டார். அவருக்கு வாய்த்த பேராசிரியரை அவர் ஒருநாளும் நேரில் பார்த்ததில்லை. சிவப்புப் பென்சிலில் சாய்வாக எழுதும் கையெழுத்து ஒன்றுதான் அந்தப் பேராசிரியர்.

தபால் கப்பல் வரும் நாள் எங்கள் வீட்டில் தனிக் கிழமை. அன்றைக்கு அத்தான் பள்ளிக்கூடம் விட்டதும் துறைமுகப் பக்கம் ஒரு நடை, தபால் நிலையத்துக்கு ஒரு நடை, வீட்டுக்கு வந்து மறுபடி ஒரு நடை. மற்ற நாளிலும் அவர் நிதானமாக உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. சாப்பிடும்போதுகூட ஒரு கால் பலகையில் தாளம் போடும். சட்டைப்பையில் எப்போதும் உடைந்த சாக்குக்கட்டி இருக்கும். துவைக்கப் போடும் அக்கா அதை எடுத்து எடுத்து அலுத்துப்போய், "இவருக்குக் கால்ல ஒரு கல்லைக் கட்டிப் போடணும் லா" என்பாள். சொல்லிவிட்டு அவளே ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் அவர் பக்கத்தில் அமர்ந்து நீளநீளமான கூட்டல்களைச் சரிபார்த்துக் கொடுப்பாள். எட்டாம் வகுப்பு படித்தவள். ஒரு கூட்டலிலும் தப்பு வந்ததில்லை.

அந்த அவசரத்துக்கெல்லாம் ஒரு இலக்கு இருந்தது. சிங்கப்பூரில் புதிதாக வந்திருந்த ஒரு கல்லூரியில் கணக்கு விரிவுரையாளர் வேலை காலியாகப் போகிறது. ஆய்வேடு நன்றாக அமைந்தால் தாமே சிபாரிசு எழுதுவதாகப் பேராசிரியர் ஒரு கடிதத்தின் ஓரத்தில் குறித்திருந்தார். அத்தானுக்கு நாற்பது நெருங்கிக்கொண்டிருந்தது. பின்னத்தையும் வட்டியையும் சொல்லிக் கொடுத்தே ஆயுள் முடிந்துவிடுமோ என்று பயந்தார். பயப்படுவதாக அவர் சொன்னதில்லை, அந்தக் கால் சொன்னது.

ஆய்வுக்கு அவர் எடுத்துக்கொண்ட பொருள் மழை. எடுத்துக்கொண்டதற்குக் காரணம் நான். மலையடிவாரத்து நீர்த்தேக்கம் ஒன்றில் எனக்குக் குமாஸ்தா உத்தியோகம். தினமும் காலை எட்டு மணிக்கு மழைமானியைத் திறந்து, தண்ணீரைக் குவளையில் ஊற்றி, அளவைப் புத்தகத்தில் எழுதுவது என் வேலைகளில் ஒன்று. பத்து வருஷத்துப் புத்தகங்கள் அலமாரியில் இருந்தன. பாதிக்கு மேல் என் கையெழுத்து. மேலதிகாரியிடம் அனுமதி வாங்கி அவற்றைச் சைக்கிளில் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தவனும் நான்தான். மழைக்கு ஏதாவது ஒழுங்கு இருக்கிறதா, இத்தனை நாளுக்கு ஒருமுறை கூடிக் குறைகிறதா என்று பார்க்கப் போவதாக அத்தான் சொன்னபோது, பெரிய விஷயத்தில் நமக்கும் ஒரு பங்கு என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

இப்போது அந்த எட்டு மணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாங்கள் வேதக்காரர்கள். எங்கள் மாதா கோயிலில் தமிழ்ப் பிரசங்கம் உள்ள பூசை ஞாயிறு காலை ஏழு மணிக்கு. பூசை முடிந்து மலையடிவாரத்துக்குப் போவதற்குள் பத்தாகிவிடும். ஆகையால் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போவதே இல்லை. புத்தகத்தில் அன்றைக்குப் பூஜ்யம் என்று எழுதிவிட்டு, இரண்டு நாள் தண்ணீரையும் சேர்த்துத் திங்களன்று அளப்பேன். இது நான் கண்டுபிடித்த வழி இல்லை. எனக்கு முன் அந்த வேலையில் இருந்தவரும் எங்கள் கோயில்காரர்தான், பொறுப்பை ஒப்படைக்கும்போது, "மாசக் கணக்கு சரியா இருக்கணும் தம்பி, அவ்ளோதான். மேல யாரும் நாளைப் பார்க்க மாட்டாங்க" என்று சொல்லிக் கொடுத்தார். சரிதானே? ஒரு துளியும் விட்டுப்போகவில்லை. மாதக் கடைசியில் கூட்டுத்தொகை சுத்தமாக இருக்கும். யாரையும் ஏமாற்றியதாக எனக்குத் தோன்றியதே இல்லை.

அத்தான் இரண்டு வருஷம் கணக்குப் போட்டார். சாப்பாட்டு மேசை, கட்டில், ஜன்னல் திட்டு எல்லா இடத்திலும் காகிதத் துண்டுகள். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் நான் வேலை முடிந்து வந்தபோது அவர் வாசலிலேயே நின்றிருந்தார். என் சைக்கிள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

"மச்சான், வந்துருச்சு! ஏழு நாளைக்கு ஒரு தரம். ஏறி இறங்குது, ஏறி இறங்குது, பத்து வருஷமும் மாறாம!"

உள்ளே இழுத்துக்கொண்டு போய்த் தாளைக் காட்டினார். எல்லா நாட்களின் அலைகளும் தரையோடு கிடக்க, ஏழில் மட்டும் ஒரு கோடு கம்பம் மாதிரி நின்றது. சந்திரன்தான் காரணம் என்றார். அமாவாசையிலிருந்து வளர்பிறைப் பாதிக்கு ஏழரை நாளுக்குக் கொஞ்சம் குறைவு. கடலை இழுக்கிற நிலா மழையையும் இழுக்கிறது. "ஏழேகாலுக்கு மேல வரணும், இது சொல்லி வச்ச மாதிரி ஏழுலயே நிக்குது. அதுதான் கொஞ்சம் இடிக்குது. பரவாயில்ல, ஏதாவது சின்னப் பிழையா இருக்கும்" என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏழு நாள் என்ற சொல் காதில் விழுந்ததுமே அந்தக் கம்பம் என்னவென்று தெரிந்துவிட்டது. அது நிலா இல்லை. நான். ஞாயிற்றுக்கிழமை பூஜ்யம், திங்கட்கிழமை இரட்டிப்பு. நான் பூசைக்குப் போனது பத்து வருஷ மழையில் அலையாக எழுந்து நிற்கிறது. வாயைத் திறந்திருக்க வேண்டும். அக்கா அடுப்படியிலிருந்து கரண்டியோடு ஓடிவந்தாள், சிங்கப்பூரில் வீடு எந்தப் பக்கம் எடுப்பது என்று கேட்டாள், அத்தான் அவள் தோளைப் பிடித்து உலுக்கினார். நான் "நல்லா இருக்கு அத்தான்" என்றேன். என்ன ஜென்மம் நான் என்று இன்றைக்கும் கேட்டுக்கொள்கிறேன்.

ஆய்வேட்டின் வரைவு அடுத்த கப்பலில் போயிற்று. உண்மையைச் சொன்னால் என் வேலை போகும், அது ஒன்று. அதைவிட அத்தான் முகம் என்ன ஆகும் என்ற நினைப்பு என்னை ஆட்டி வைத்தது. பிரெஞ்சுக்காரச் சாமியாரிடம் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். பூசைக்கு வந்ததற்காகப் பொய் எழுதினேன் சாமி என்றேன். அவர், எவ்வளவு மழை பெய்தது என்பது ஆண்டவருக்குத் தெரியும் என்று சொல்லி பரிகாரமாக மூன்று பிரியதத்த மந்திரம் சொல்லச் சொன்னார். ஆண்டவருக்குத் தெரியும் சாமி, லண்டன் பேராசிரியருக்குத் தெரியாதே என்று சொல்ல வந்தேன்.

ஏழெட்டு வாரம் போயிருக்கும். ஒரு ஞாயிறு, விடியும்போதே கொட்டு கொட்டென்று கொட்டியது. நானும் அத்தானும் ஒரே குடையில் கோயிலுக்கு ஓடினோம். அக்கா ரிக்‌ஷாவில் முன்னால் போய்விட்டாள். கோயில் முகப்பில் ஏறியபோது இருவருக்கும் முழங்காலுக்குக் கீழே சொட்டச் சொட்ட ஈரம். அத்தான் குடையை உதறிக்கொண்டே, "என்ன மழைடா இது, ஞாயித்துக்கெழமையும் அதுவுமா" என்றார். அந்த மழை எட்டு மணிக்கு அளந்து அன்றைய தேதியில் எழுத வேண்டிய மழை. என்னால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

"இந்த மழை புத்தகத்துல இருக்காது அத்தான்" என்றேன்.

அவர் குடையை உதறுவதை நிறுத்தவில்லை. "என்ன?"

"எந்த ஞாயித்துக்கெழமை மழையும் இருக்காது. நான் இங்கதானே இருக்கேன். பூஜ்யம் போட்டுட்டுத் திங்கக்கெழமை சேர்த்து எழுதுறேன். எனக்கு முன்ன இருந்தவரும் அப்படித்தான்."

குடை நின்றது. மணி அடித்தது. மக்கள் எங்களை இடித்துக்கொண்டு உள்ளே போனார்கள். நாங்களும் போனோம், வழக்கமான இடத்தில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான பூசை இன்னொன்று கிடையாது. எல்லாரும் முழங்காலிட்டபோது அவர் உட்கார்ந்தே இருந்தார். அந்தக் கால் ஆடவில்லை. கூரையில் மழை இரைந்துகொண்டே இருந்தது.

வெளியே வந்ததும் திட்டுவார், அறைவார் என்று நின்றேன். அவர் தன் நனைந்த கால்சட்டையைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"பத்து வருஷம் மச்சான். ஞாயித்துக்கெழமை ஞாயித்துக்கெழமை நானும்தானே நனைஞ்சேன். புத்தகத்துல பூஜ்யம்னு இருந்தது, நானும் பூஜ்யம்னு எழுதிக்கிட்டேன்."

அன்றைக்கே பேராசிரியருக்கு எழுதினார். அளவுகள் பிழையானவை, ஏழு நாள் அலை பொய், வரைவைத் திரும்பப் பெறுகிறேன். யார் செய்த பிழை என்று எழுதவில்லை. கடிதம் கப்பலேறி இரண்டாம் நாள், எதிர்க் கப்பலில் பேராசிரியரின் பதில் வந்து சேர்ந்தது. அது வரைவைப் படித்துவிட்டு எழுதியது. இத்தனை வருஷத்தில் முதல்முறையாகச் சிவப்புப் பென்சில் இல்லாத கடிதம். மிகவும் குறிப்பிடத்தக்க முடிவு, கல்லூரிக்கு உங்களைச் சிபாரிசு செய்து எழுதிவிட்டேன் என்று இருந்தது.

அக்கா அதை மூன்று முறை படிக்கச் சொல்லிக் கேட்டாள். பிறகு மெதுவாக, "உங்க கடுதாசி இன்னும் கடல்லதானே இருக்கு? பிரிக்க வேண்டாம்னு ஒரு தந்தி அடிச்சிடுங்க. இந்த ஊர் ஞாயித்துக்கெழமையைப் பத்தி அவருக்கு என்ன தெரியப் போவுது?" என்றாள். அவள் பேராசைக்காரி இல்லை. இரண்டு வருஷம் கூட்டிக் கொடுத்தவள்.

அத்தான் நடந்தார். வாசலுக்கும் உள்ளுக்குமாக வெகுநேரம். அன்று சாயங்காலம் முழுக்கத் தந்தி ஆபீஸ் திறந்துதான் இருந்தது. அது மூடும் நேரம்வரை அவர் நடை நிற்கவில்லை. கடைசியில் நின்று, "அவர் பாராட்டினது என்னை இல்ல. இவன் பூசைக்குப் போனதை" என்றார். என்னைக் காட்டிச் சொல்லிவிட்டுச் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை.

சிங்கப்பூர் வேலைக்கு வேறு யாரோ வந்தார்கள். நான் மேலதிகாரியிடம் ஒப்புக்கொண்டேன். ஒரு மாதம் வீட்டில் உட்காரவைத்துவிட்டுத் திரும்ப எடுத்தார்கள். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் எட்டு மணிக்கு மழைமானியைப் பார்த்துவிட்டு ஒன்பதரை இங்கிலீஷ் பிரசங்கத்துக்குப் போனேன். பாதி புரியாது. அத்தான் அதே பழைய புத்தகங்களோடு மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். மூன்று வருஷம் பிடித்தது. பட்டம் தபாலில் வந்தபோது அதை வைத்து உயர்வதற்கு ஓர் இடமும் காலியாக இல்லை. பள்ளிக்கூடத்திலேயே பின்னமும் வட்டியுமாக ஓய்வு பெற்றார். அந்த ஆய்வேட்டின் அட்டவணைகளை நான் பார்த்திருக்கிறேன். ஞாயிறுகள் எல்லாவற்றிலும் எண் இல்லை, 'அளக்கப்படவில்லை' என்று அர்த்தம் வரும் இங்கிலீஷ் எழுத்துக்கள் இரண்டு. பூஜ்யம் என்றால் தெரியும் என்று அர்த்தம் மச்சான், இது தெரியாது, ரெண்டும் ஒண்ணு இல்ல என்று விளக்கினார். ஒருநாளும் என்னை ஒரு சொல் கடிந்து சொன்னதில்லை. சொல்லியிருக்கலாம்.

அக்கா அந்தத் தந்தி சாயங்காலத்தை மறக்கவில்லை. எனக்குச் சோறு போட்டாள், என் கல்யாணத்துக்கு முன்னின்றாள், என் பிள்ளைகளைத் தூக்கி வளர்த்தாள். ஆனால் மழை என்ற பேச்சு வந்தால் எழுந்து போய்விடுவாள். இருபது வருஷத்துக்கு மேல் அப்படியே இருந்தாள்.

அத்தான் ஒரு சனிக்கிழமை மதியம் காலமானார். மறுநாள் காலை ஒன்பதரைப் பூசைக்குப் பின் அடக்கம் என்று முடிவாயிற்று. விடியும்போதே மழை. நானும் ஓய்வு பெற்றுவிட்டவன். பழைய மழைமானி ஒன்றை என் வீட்டு முற்றத்தில் வைத்துக்கொண்டு சும்மா அளந்துகொண்டிருந்தேன். அன்றைக்கு அதை நினைக்கவே இல்லை. பெட்டியைத் தூக்கக் குனிந்தோம். அக்கா கையை நீட்டித் தடுத்தாள். சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தாள், எட்டுக்கு ஐந்து நிமிஷம் இருந்தது.

"தம்பி, அளந்தியா?"

இல்லை என்று தலையை ஆட்டினேன்.

"போய் அளந்துட்டு வா. இவங்க நிப்பாங்க."

என் வீடு நாலு வீடு தள்ளி. செருப்பில்லாமல் ஓடினேன். அவசரத்தில் குவளை மழைமானியின் விளிம்பில் இடித்தது. இந்த உடைசல் அப்போது வந்ததுதான். நல்லவேளை, தண்ணீர் சிந்தவில்லை. திரும்பி வந்து எண்ணைச் சொன்னேன். அக்கா அதை அத்தானின் காதருகே குனிந்து திரும்பச் சொன்னாள். பிறகு தூக்கினோம்.

இன்றைக்கும் ஞாயிறு. விடிந்ததிலிருந்து பெய்கிறது. மருமகள் பூசைக்குக் கிளம்பி, கார் வாசலில் நிற்கிறது மாமா, வாங்க லா என்று இரண்டு முறை கூப்பிட்டுவிட்டாள். மணி ஏழே முக்கால். இன்னும் கால்மணி நேரம் அவர்கள் நிற்கட்டும்.