எச்சில் படாத சவர்க்காரம்

அக்காவின் ஆண்டுத் திதிக்கு வந்திருக்கும் சொந்தங்களுக்கும் வரிசை வீட்டு லயத்து மக்களுக்கும் தங்கை எழுதுவது. சாவு வீட்டில் பலர் அக்காவைத் துணிச்சல்காரி என்று சொன்னீர்கள். அவர் எவ்வளவு பயந்தாங்கொள்ளி என்பது கூடப் பிறந்த எனக்குத்தான் தெரியும்.

பசறைக்கு மேலேயுள்ள தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். அப்பா இளவயதிலேயே காய்ச்சலில் போனதும் படிப்பை விட்டுக் கொழுந்தெடுக்கப் போனார். என்னைப் படிக்க வைத்தார், தான் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. அட்டைக்குப் பயம், இடிக்குப் பயம். பஸ் வளைவில் திரும்பினால் கண்ணை இறுக மூடிக்கொள்வார்.

அப்படிப்பட்டவர் சவர்க்காரம் செய்யத் தொடங்கியது, பொருள்களுக்குத் தட்டுப்பாடாகி நாடே வரிசையில் நின்ற காலத்தில். கடைச் சவர்க்காரம் எட்டாத விலைக்குப் போய், லயத்தில் பிள்ளைகளை வெறும் தண்ணீரில் குளிப்பாட்டினார்கள். போனில் வீடியோ பார்த்துவிட்டுத் தேங்காய் எண்ணெயும் கோஸ்டிக் சோடாவும் வாங்கி வந்தோம். கோஸ்டிக்கைத் தண்ணீரில்தான் போட வேண்டும், அதன்மேல் தண்ணீரை ஊற்றினால் பொங்கித் தெறிக்கும், அலுமினியச் சட்டி ஆகவே ஆகாது என்று முணுமுணுத்துக்கொண்டேதான் செய்வார். என்னை வாசலுக்கு விரட்டிவிடுவார். வாரக்கணக்கில் காய வைத்து, ஈர விரலால் தேய்த்து நாக்கில் வைத்துப் பார்ப்பார். சுள்ளென்று கடித்தால் காரம் மிச்சமிருக்கிறது என்று அர்த்தம். அதை யாருக்கும் கொடுக்க மாட்டார்.

மேல் லயத்துச் செல்விக்குப் பிள்ளை பிறந்தது. பிறந்த முப்பதாம் நாள் தீட்டுப் போக்கி முப்பது கழிக்கும்போது பிள்ளைக்குச் சவர்க்காரமும் பவுடரும் கொண்டுபோவது நம் வழக்கம். தேங்காய் எண்ணெய் இன்னும் விலை ஏறிவிட்டதால், அந்த முறை அக்கா பாம் எண்ணெயில் செய்தார். பிள்ளைக்கென்றே செய்ததில் எச்சில் படக் கூடாது என்று நாக்கில் வைத்துப் பார்க்கவில்லை. அப்படியே மஞ்சள் துணியில் சுற்றிக் காலையில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

பிறகு, அந்தக் கட்டியில் ஓரம் சீவிய துண்டை எடுத்துக்கொண்டு, மலைத் தண்ணீர் கொட்டும் பீலியில் துணி துவைக்க உட்கார்ந்தார். கொழுந்து பறித்ததில் கையில் விழுந்த கீறல் எரிந்தது. துண்டை நாக்கில் வைத்தவரின் முகம் வெளுத்துவிட்டது.

"எண்ணெய மாத்துனேன், கோஸ்டிக்க கொறைக்கலையே" என்றார்.

தேங்காய் எண்ணெய்க்குப் போடும் அளவு பாம் எண்ணெய்க்கு அதிகம். மிஞ்சிய காரம் முழுக்கக் கட்டியிலேயே இருந்திருக்கிறது. அக்கா ஓடினார், நான் பின்னால் ஓடினேன். படிகள் மழையில் வழுக்கின. பிள்ளையின் கண்ணில் பட்டிருந்தால் என்ற நினைப்பில் இன்னும் வேகமாக ஏறினேன்.

செல்வியின் பெரியம்மா பிள்ளையைக் காலில் கிடத்தியிருந்தார். கையில் நுரை.

"அதக் கீழ போடுங்க. பிள்ளை மேல படக் கூடாது" என்றார் அக்கா.

பாதத்தில் மட்டும்தான் தேய்த்திருந்தார்கள். அது சிவந்திருந்தது. அக்கா பிள்ளையை வாங்கி, செம்பு செம்பாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவினார். பிள்ளை வீறிட்டது. விருந்துக்கு வந்தவர்கள் எல்லோரும் சுற்றி நின்று அக்காவையே பார்த்தார்கள். செய்த தவறை மறைக்காமல் அத்தனை பேர் முன்னாலும் சொன்னார். சாயங்காலம் சிவப்பு மறையும்வரை அந்த வீட்டு வாசலை விட்டு அசையவில்லை, ஒரு வாய்ச் சோறும் தொடவில்லை.

இனி அந்தச் சட்டியைத் தொடுவதில்லை என்று எழுந்தவரைச் செல்விதான் நிறுத்தினார்.

"நீங்க பேசாம வீட்டுலயே இருந்திருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காது அக்கா. ஓடி வந்தீங்கல்ல. அடுத்தவாட்டி செஞ்சா மொதக் கட்டி எங்களுக்குத்தான்."

அதன்பிறகு அக்கா தராசில் நிறுக்காமல் எதையும் கலந்ததில்லை. எண்ணெய் மாறினால் கணக்கை மறுபடி போடுவார். அவர் சவர்க்காரம் பசறைக் கடைவரை போனது.

கடைசியில் இருதயம் பலவீனப்பட்டுப் படுத்த படுக்கையானார். இந்தச் சவர்க்கார வேலையை விட்டுவிடட்டுமா என்று ஆஸ்பத்திரியில் கேட்டேன்.

"செய்யி. பயம் விட்டுப்போச்சுன்னா மட்டும் நிறுத்திரு" என்றார்.

மழையில் வண்டி பிடித்துத் தந்தவர்களுக்கும், ஆஸ்பத்திரியில் என்னோடு கண் விழித்தவர்களுக்கும், பந்தல் போட்டு, பாடை சுமந்து, பசியாற்றிய அத்தனை பேருக்கும் என் கைகூப்பிய நன்றி. செல்விக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். அவருடைய இரண்டாவது பிள்ளைக்கு அடுத்த வாரம் முப்பது. முதல் தடவையாக, அக்கா இல்லாமல் நானே செய்த கட்டி அலமாரியில் காய்ந்துகொண்டிருக்கிறது.

எனக்குப் பயமாக இருக்கிறது, அக்கா.