மாவில் பதிந்த தடம்

ஓர் எலியைக் கொல்ல இத்தனை யோசிக்கிறவள் நல்ல தாய்தானா? எனக்கு இன்னும் தெரியவில்லை.

இன்று காலை குழந்தையின் பாயில் எலிப்புழுக்கை கிடந்தது. அதோடு வந்த மூத்திர வாடை என்னை இருபது வருடம் பின்னால், எழுபதுகளில் சித்தூர்ப் பக்கம் இருந்த எங்கள் வீட்டுக்கு இழுத்துப் போனது.

அப்பாவைப் பெற்ற அப்பாரு இறந்த அன்று, அவர் படுத்திருந்த இடத்தில் அத்தை அரிசி மாவைப் பரப்பினார். விடிந்ததும் அதில் எதன் தடம் தெரிகிறதோ, இறந்தவர் அந்தப் பிறவி எடுத்துவிட்டார் என்று நம்பிக்கை. எலித்தடம் தெரிந்தது.

"மாவக் கொட்டி வெச்சா எலி வராம யானையா வருமுங்க?" என்றாள் அம்மா.

"வாயக் கழுவு அம்மிணி! எங்கப்பன் அது" என்று அத்தை அழுதார்.

அதன்பின் எங்கள் வீட்டில் எலிப்பொறி கிடையாது. எலிகளுக்குச் சோறு வைத்தோம். அம்மா தினமும் அரிசியில் புழுக்கை பொறுக்கிவிட்டுத்தான் உலை வைத்தாள். ஒரு நாள் தொட்டிலில் கிடந்த தம்பியின் கால்விரலை எலி கடித்துவிட்டது.

"அப்பாரு பேரனக் கொஞ்சியிருக்காரு" என்றார் அத்தை.

ரத்தம் ஊறிய அந்தத் தொட்டில்துணி இப்போதும் கண்ணில் நிற்கிறது.

போன மாதம் அம்மா இறந்தாள். நாங்கள் மாவு எதுவும் பரப்பவில்லை. இருந்தும், பொறியில் தேங்காய்ச் சில்லைக் குத்திவிட்டு, அதை வைக்கக் கை வராமல் நிற்கிறேன். அம்மா இருந்தால் அவளே பிடுங்கி வைத்திருப்பாள். குழந்தை வேறு தவழத் தொடங்கிவிட்டாள். இந்தத் தயக்கத்தைத் தாண்டியவர்கள் யாராவது இருந்தால், எப்படித் தாண்டினீர்கள் என்று எழுதுங்களேன்.