ஓடி முடிக்கும் முன்பே வைத்த ஃபிளெக்ஸ்

பந்தயம் ஞாயிற்றுக்கிழமை. நான் அதை வெற்றிகரமாக முடித்துவிட்டதாக வெள்ளிக்கிழமை சாயங்காலமே மட்டாஞ்சேரியில் எங்கள் தெருமுனையில் ஃபிளெக்ஸ் வைத்துவிட்டார்கள். வைத்தது என் அண்ணன். என்னைவிட இரண்டு வயதுதான் மூத்தவன், ஆட்டோ ஓட்டுகிறான், மிச்ச நேரத்தில் எங்கள் மாரியம்மன் கோயில் கமிட்டிக்குச் செயலாளர். கமிட்டி என்று ஒன்று இருந்தால் ஃபிளெக்ஸ் வைக்காமல் இருக்க முடியாது.

படத்தில் கழுத்துக்கு மேலே நான்தான். என் கல்யாண ரிசப்ஷன் போட்டோவிலிருந்து தலையை மட்டும் வெட்டியிருந்தார்கள், தலை நிறைய மல்லிகைப்பூவோடு. கழுத்துக்குக் கீழே யாரோ ஒரு வெள்ளைக்காரி சைக்கிளில் குனிந்து உட்கார்ந்திருந்தாள். மேலே மலையாளத்தில் பெரிய எழுத்து. அதற்குக் கீழே பொடி எழுத்தில் தமிழ்: "நீந்தி, சைக்கிள் மிதித்து, ஓடி முடித்த எங்கள் சகோதரிக்கு வீர வாழ்த்துகள்." அடியில் வட்டம் வட்டமாகக் கமிட்டிக்காரர்களின் முகங்கள். நட்டநடுவில், எல்லா வட்டத்தையும் விடப் பெரிய வட்டத்தில், கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு என் கணவர்.

"அண்ணா, பந்தயம் இன்னும் நடக்கவே இல்லையே. முடிச்சாச்சுன்னு எழுதி வச்சிருக்கே?" என்று கேட்டேன்.

"ஞாயித்துக்கிழமை பிரஸ் அடச்சிருக்கும்டி. திங்கக்கிழமை போய் அடிச்சா யாரு நோக்குவா? சூடு ஆறிப்போகும்."

"நான் முடிக்கலேன்னா?"

"நல்ல காரியத்துக்குப் போகும்போது வாயைக் கழுவு."

முடிக்கவில்லையென்றால் என்ன ஆகும் என்று எனக்கு நன்றாகவே தெரியும். ஒரு மாதத்துக்கு முன்பு, அண்ணனையும் சாட்சிக்கு வைத்துக்கொண்டு, சோற்றுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து என் கணவர் தீர்ப்புச் சொல்லியிருந்தார். "இதை முடிச்சுக் காட்டு. அப்புறம் நீ எப்ப வேணா ஓடு, எங்க வேணா நீந்து, நான் ஒரு வாக்கு மிண்டமாட்டேன், வாயே திறக்கமாட்டேன். முடிக்கலேன்னா சைக்கிளை வித்துடணும். மத்த பெண்ணுங்க மாதிரி காலையில அடுக்களையில நிக்கணும். சம்மதமா?" சம்மதம் என்றேன். வீம்புக்குச் சொன்னதுதான், ஆனால் சொல்லியாகிவிட்டது.

அவர் தேவராவில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் வெல்டர். குடிப்பதில்லை, கை நீட்டுவதில்லை. அதற்காகவே அவரை நான் கும்பிட வேண்டும் என்று அவருடைய அம்மா நினைக்கிறார். காலை சாயா கொஞ்சம் தாமதமானால் மட்டும் நாட்டில் பஞ்சம் வந்துவிட்டதைப் போலப் பேசுவார். நான் விடியும் முன்பே எழுந்து சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிய நாளிலிருந்து எங்கள் வீட்டில் பஞ்சகாலம்தான்.

நான் ஓர் அரிசிக் கோடவுனில் பில் போடுபவள். பகல் முழுக்க லாரிக்காரர், மூட்டை தூக்கும் சுமட்டுக்காரர், முதலாளி என்று யாராவது என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். வீட்டுக்கு வந்தால் கூப்பிட வேறு ஆட்கள். விடியற்காலை இரண்டு மணி நேரம் மட்டும் என்னை யாராலும் கூப்பிட முடியாது. முதுகுவலிக்கு நீந்தச் சொன்னார் டாக்டர். வலி போன பிறகும் நான் போனது இதற்காகத்தான். அந்த இரண்டு மணி நேரத்தை இழக்க நான் தயாராக இல்லை.

பந்தயம் என்றால் காயலில் இரண்டு கிலோமீட்டர் நீச்சல், அப்படியே ஏறி வந்து தொண்ணூறு கிலோமீட்டர் சைக்கிள், அதை வைத்துவிட்டு இருபத்தொரு கிலோமீட்டர் ஓட்டம். விடிந்ததும் ஆரம்பித்து மதியம் இரண்டரைக்குள் முடிக்க வேண்டும். இரண்டரை தாண்டினால் நீங்கள் ஓடியதே கணக்கில் இல்லை. இதை யாரும் கட்டாயப்படுத்தாமல், ஆசைப்பட்டுச் செய்கிறார்கள்.

அப்படி ஆசைப்படுகிறவர்களின் கிளப் ஒன்றில் நானும் இருந்தேன். பெரும்பாலும் ஃபிளாட்டில் குடியிருக்கிறவர்கள். மனைவியின் பிறந்தநாள் மறந்துபோகும், தன் நாடித்துடிப்பு மட்டும் நிமிடத்துக்கு நிமிடம் தெரியும். "நாமெல்லாம் ஒரே ஃபேமிலி" என்று கேப்டன் தினமும் வாட்ஸ்அப்பில் போடுவார். அவர் ஒரு வங்கி மேனேஜர். என்னை வெளியாட்களுக்கு அறிமுகப்படுத்தும்போது "நம்ம மட்டாஞ்சேரி சேச்சி" என்று தோளில் தட்டுவார். மற்றவர்களை யாரும் ஊர் சொல்லி அறிமுகப்படுத்தி நான் பார்த்ததில்லை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், பஞ்சர் ஒட்ட அவர்தான் கற்றுக்கொடுத்தார். டியூப் மாற்றும் முன் டயரின் உள்பக்கத்தை விரலால் தடவிப் பார்க்க வேண்டும், குத்தியது உள்ளேயே இருக்கும் என்று பத்து தடவையாவது சொல்லியிருப்பார்.

ஞாயிறு காலை அண்ணன் ஆட்டோவில் என்னையும் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு காயலோரத்து மைதானத்துக்கு வந்தான். கேட்டுக்குள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகப் பார்த்தேன். "நில்லு, வண்டி பூஜை பண்ணாம உருட்டக்கூடாது" என்றான். புது ஆட்டோ, பழைய லாரி, ஜேசிபி, எதுவாக இருந்தாலும் எங்கள் ஆட்கள் பூஜை போடாமல் சக்கரத்தை உருள விடமாட்டார்கள். ஹேண்டிலுக்குச் சந்தனம், குங்குமம், செவ்வந்திச் சரம். இரண்டு சக்கரத்துக்கும் கீழே எலுமிச்சம்பழம். கற்பூரத்தைச் சைக்கிளுக்குச் சுற்றி, எனக்கும் சுற்றி, என் நெற்றியிலும் ஒரு கை சந்தனத்தை அப்பினான். பிறகு முன்சக்கரத்துக்கு நேர் எதிரே, ஓங்கி ஒரு தேங்காய்.

கிளப்காரர்கள் சுற்றி நின்று போட்டோ எடுத்தார்கள். "சூப்பர், என்ன கல்ச்சர்!" என்றார் கேப்டன். ஒரு சேஃப்டிக்கு என்று தானும் கற்பூரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். தன் சைக்கிளை மட்டும் பக்கத்திலேயே கொண்டுவரவில்லை. நான் எலுமிச்சம்பழத்தை நசுக்கி, தேங்காய்ச் சிதறலின் மேலேயே உருட்டிக்கொண்டு உள்ளே போனேன். திருஷ்டி கழிந்தது என்றான் அண்ணன்.

தண்ணீரில் இறங்கியதும் சந்தனம் கரைந்து நீச்சல் கண்ணாடிக்குள் இறங்கியது. எரிச்சலில் பாதி தூரம் ஒரு கண்ணால்தான் நீந்தினேன். காயலில் மிதந்து வந்த ஆகாயத்தாமரைக் கொடி ஒன்று கழுத்தில் சுற்றிக்கொண்டது. ஒரே ஃபேமிலியில் யாரோ ஒருவர் என் தாடையில் உதைத்துவிட்டு முன்னே போனார். கரையேறியபோது வேரும் இலையுமாக மாலை போட்ட மாதிரி நின்றேன். ஆனாலும் நேரத்துக்கு ஏறிவிட்டேன், தெம்பாகத்தான் இருந்தேன்.

சைக்கிளில் பாதி தூரம் நன்றாகவே போனது. கன்டெய்னர் ரோட்டில் இரண்டு பக்கமும் தண்ணீர், ஒரு மரம் கிடையாது. அங்கே முன்சக்கரம் தொளதொளவென்று ஆடியது. இறங்கிப் பார்த்தால் காற்று இல்லை. பதறாமல் டியூபை மாற்றினேன். எவ்வளவு வேகமாக மாற்றினேன் என்று பெருமையாகக்கூட இருந்தது. அந்தப் பெருமையில், டயருக்குள் விரலை விட்டுத் தடவ மறந்தேன். கொஞ்ச தூரம் போவதற்குள் அந்த டியூபும் போயிற்று. அப்போதுதான் தடவினேன். நகத்துண்டு அளவுக்குக் கறுப்பாக ஒன்று விரலைக் குத்தியது. பிடுங்கி வெயிலில் பிடித்துப் பார்த்தேன். ஒரு நார்கூட ஒட்டிக்கொண்டிருந்தது.

என்னிடம் வேறு டியூப் இல்லை. கிளப்காரர்கள் ஒவ்வொருவராகக் கடந்து போனார்கள். "வெல் டன் சேச்சி!" என்றார் ஒருவர். டயரைக் கையில் பிடித்துக்கொண்டு ரோட்டோரம் உட்கார்ந்திருக்கிறவளிடம் என்ன வெல்லைக் கண்டாரோ! கேப்டன் கட்டை விரலை உயர்த்திக் காட்டிவிட்டுப் போனார். அவருடைய சீட்டுக்கடியில் இரண்டு டியூப் சுருட்டி வைத்திருந்தது என் கண்ணுக்குத் தெரிந்தது.

நின்றது ஒரே ஒரு வண்டிதான். ரோட்டின் மறுபக்கம் போக்குவரத்தை விட்டிருந்தார்கள். அதில் வந்த அண்ணன் ஆட்டோவை ஓரம் கட்டினான்.

"கேறு, வண்டியில கேறு! சைக்கிளையும் எடு. ஒருத்தரும் காணமாட்டாங்க."

பத்தடி தள்ளி, பந்தயத்தைக் கண்காணிக்கும் ஆள் ஸ்கூட்டரில் சாய்ந்துகொண்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வெளியாள் கை வச்சா என்னை வெளியே தூக்கிருவாங்க. அங்கேயே நில்லு" என்று சொல்லிவிட்டு, நான் பிடுங்கியதை நீட்டினேன். "இது என்னன்னு தெரியுதா?"

உற்றுப் பார்த்தான். "சிரட்டை."

"யாரு உடைச்ச தேங்காயோட சிரட்டை?"

அண்ணனுக்கு முகம் செத்துவிட்டது. அதுவும் கொஞ்ச நேரத்துக்குத்தான். "கண்ணேறு அதுல போச்சுன்னு வச்சுக்கோ. உனக்கு வர வேண்டியது டயருக்கு வந்துச்சு. தப்பிச்சேன்னு சந்தோஷப்படு" என்றான். அந்தத் தேங்காயை என் தலையிலேயே உடைத்திருக்கலாம் என்று சொன்னேன். இன்னும் சில வார்த்தைகளும் சொன்னேன். தமிழ் தெரியாத ஸ்கூட்டர்காரருக்கும் அவை புரிந்திருக்கும்.

பந்தயக்காரர்களே அனுப்பிய மெக்கானிக் வந்து டியூப் தருவதற்குள் வெயில் ஏறிவிட்டது. மிச்ச தூரத்தை வெறியோடு மிதித்தேன். ஓட ஆரம்பித்தபோது தொடை இரண்டும் மரமாகிவிட்டன. அண்ணன் விடவில்லை. எந்த இடத்தில் ஆட்டோவை நிறுத்த முடியுமோ அங்கெல்லாம் நின்று, "தா, இப்ப எத்தும்! இப்ப எத்தும்!" என்று, இதோ போய்ச் சேர்ந்துவிடுவேன் என்கிற மாதிரி கத்தினான். பதினைந்து கிலோமீட்டர் மிச்சம் இருந்தபோதும் அதையே சொன்னான், ஐந்து இருந்தபோதும் அதையே. நான் மனதுக்குள் இரண்டரைக்கு இன்னும் எத்தனை நிமிடம் என்று கணக்குப் போட்டுக்கொண்டு ஓடினேன். இனி எல்லாக் காலையும் அடுக்களையில் புட்டு அவிக்கும் குற்றியோடுதான் என்று தோன்றியபோதெல்லாம் கொஞ்சம் வேகம் வந்தது. அந்த வேகம் போதவில்லை.

முடிவிடத்தில் காற்றடித்து நிறுத்திய பெரிய வளைவு இருக்கும், அதற்குள் நுழைந்தால் முடித்த மாதிரி. நான் வந்தபோது அதன் மோட்டாரை நிறுத்திவிட்டிருந்தார்கள். என் கண்ணெதிரே அது மெல்ல மடங்கியது. தலையில் விழுந்த துணியைக் கையால் தூக்கிக்கொண்டு அடியில் புகுந்து வெளியே வந்தேன். மெடல் பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்த பெண், "ஸாரி சேச்சி, டைம் கழிஞ்சு போச்சு" என்று இரண்டு வாழைப்பழம் கொடுத்தாள். இரண்டரை தாண்டிச் சில நிமிடங்கள்தான் ஆகியிருந்தன.

கேப்டன் வந்தார், கழுத்தில் மெடலோடு. "மெடலா முக்கியம் சேச்சி? பயணம்தான் முக்கியம்" என்றார். அப்படியானால் அதைக் கழற்றிக் கொடுங்கள் என்றேன். சிரித்தார், கழற்றவில்லை. நான் அங்கேயே புல்லில் உட்கார்ந்து அழுதேன். மெடலுக்காக இல்லை. நாளையிலிருந்து எனக்குக் காலை இல்லை. அதற்குத்தான் அழுதேன்.

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் கமிட்டிக்காரர்கள் போன் அடித்தார்கள், அண்ணன் எடுக்கவில்லை. தெருமுனையில் ஆட்டோ நின்றதும் பட்டாசு வெடித்தார்கள். ஃபிளெக்ஸுக்குக் கீழே தெருவே நின்றது. எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். என் கணவருக்கும் ஒன்று போர்த்தினார்கள், அவர் என்ன நீந்தினார் என்று தெரியவில்லை. நான் வாயெடுக்கும் முன்பே அவர் கூலிங் கிளாஸைக் கழற்றிவிட்டுப் பேச ஆரம்பித்தார்.

"எல்லாரும் கேக்கிறாங்க, எப்படி இவளுக்கு இவ்வளவு தைரியம்னு. ஒரு வருஷமா விடியக்காலம் இவளை உசுப்பி விடறது யாரு? நான்தான். சாயா போட்டுக் கையில கொடுத்து, போடி, போய் ஓடுன்னு அனுப்பி விடறது யாரு? அதுவும் நான்தான்."

கைதட்டினார்கள். டீக்கடைச் சேட்டன் அவரைக் கட்டிப்பிடித்தார். பக்கத்து வீட்டுப் பெண் தன் புருஷனைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். நான் வெள்ளைக்காரி மேல் ஒட்டியிருந்த என் தலையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்திவிட்டுச் சொன்னேன். "நான் முடிக்கல. நேரம் தாண்டிப்போச்சு. மெடல் தரல."

முதலில் அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. ஜெயித்தவனின் சிரிப்பு. "அப்பவே பறைஞ்சேன்ல? அப்ப சைக்கிளை..." என்று ஆரம்பித்தவர் அப்படியே நின்றார். வெளியே இன்னும் பட்டாசுச் சத்தம் கேட்டது.

"ஆமா, வித்துடலாம். வாக்கு வாக்குதான்" என்றேன். நிஜமாகவே சொன்னேன், அந்த நேரம் எனக்கு அவ்வளவு அலுப்பு. "இப்பவே போய் எல்லார்கிட்டயும் சொல்லிட்டு வந்துடறேன். அந்த ஃபிளெக்ஸையும் அவுத்துடட்டும்."

செருப்பைப் போடக் குனிந்தேன். அவர் கதவுக்கு முன்னால் வந்து நின்றுகொண்டார்.

"எதுக்கு இப்ப? ஓடி வந்த களைப்பு, உக்காரு. நம்ம தெருவுல ஆருக்கெல்லாம் தெரியும்?"

"எனக்கும் அண்ணனுக்கும்."

பொன்னாடையை எடுத்து மடித்தார், பிரித்தார், மறுபடியும் மடித்தார். "முடிச்சதாவே இருக்கட்டும்" என்றார்.

"அப்ப என் காலை நேரம்?"

"அதுக்கென்ன, போ. நான் ஒரு வாக்கு மிண்டமாட்டேன்னு சொன்னேன்ல?"

நேர்மையாக முடித்து வாங்கியிருக்க வேண்டியதைப் பொய்யில் வாங்கினேன் என்பது இன்றும் உறுத்துகிறது. அடுத்த வருடம் திரும்பப் போவேன். அண்ணனைத் தேங்காயோடு அந்தப் பக்கமே விடமாட்டேன்.

மறுநாள் விடியும் முன்பு அலாரம் அடித்தது. இருட்டில் எழுந்து உட்கார்ந்தேன். உடம்பில் வலிக்காத இடம் இல்லை. பக்கத்தில் அவர் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டு குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். தோளைப் பிடித்து நன்றாக உலுக்கினேன்.

"எந்திரிங்க. என்னை உசுப்பி விட்டு, சாயா போட்டுக் கொடுக்கணும்ல?"